காய்ச்சல் என்று சொன்ன முப்பத்திரண்டு வருடம்

7.6.2004, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. மேகமலை உச்சி தெரியவில்லை. காயப்போட்ட சேலை இரண்டும் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். பாலில் தண்ணீர். திருப்பிக் கொடுத்தாயிற்று.

பத்தரைக்குத் தேனியிலிருந்து மூத்தவள் சாந்தா போன் செய்தாள். வயிற்றில் பிள்ளை, பத்து வாரம் முடிந்துவிட்டதாம். கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்து. மதுரை டாக்டரம்மா, குடும்பத்தில் யாருக்காவது பிறவிக் கோளாறு உண்டா என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் மாமியார்.

“தங்கச்சிக்கு ரெண்டு வயசுல மூளைக்காய்ச்சல், அதுல இப்பிடி ஆயிருச்சுன்னு சொன்னேன். சரியாத்தானம்மா சொன்னேன்?”

சரி என்றேன். நான் கற்றுக்கொடுத்த வாக்கியம்தான். சாந்தாவைப் பெண் பார்க்க வந்தபோது அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். சின்னவள் ராஜியைச் சமையல்காரியோடு இரண்டு நாள் மேகமலை எஸ்டேட்டில் விட்டிருந்தேன்.

போனை வைத்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. பீங்கான் அலமாரி முழுவதையும் இறக்கித் துடைத்தேன். போன வாரம்தான் துடைத்தது.

8.6, செவ்வாய்

காற்று அப்படியே. இங்கேயாவது எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை.

1. ராஜி பிறந்தது 1970. எனக்கு 41.
2. மூன்றாம் நாள், அவள் உள்ளங்கையில் குறுக்காக ஓடும் ஒற்றை ரேகையை டாக்டர் காட்டினார். ஆங்கிலத்தில் ஒரு சொல் எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் வந்து படிப்பதற்குள் சீட்டைக் கிழித்தேன்.
3. இரண்டு வயதில் காய்ச்சல் வந்தது உண்மை. ஐந்து நாள். ஆறாம் நாள் எழுந்து இட்லி கேட்டாள்.
4. அந்த ஐந்து நாளை வைத்துத்தான் முப்பத்திரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

அவரும் காய்ச்சல் என்றே நம்பிப் போய்ச் சேர்ந்தார். நம்பினாரா? கேட்டதில்லை.

இது குடும்பத்தில் தொடரும் கோளாறு என்றால் சாந்தாவின் குழந்தைக்கும் வரலாம். டாக்டருக்கு உண்மை தெரியாமல் எதைச் சோதிப்பார்? சொன்னால், பதினான்கு வருடமாக மாமியார் தேடிய குறையை நானே எடுத்துக் கையில் கொடுத்த மாதிரி.

ராஜி வாசலில் செருப்புகளை ஜோடி பார்த்து அடுக்கினாள். யார் வந்தாலும் அது அவள் வேலை. தபால்காரர் செருப்போடு என்னுடையது ஒன்றைச் சேர்த்துவிட்டாள். அவர் பாதி வழி போய்த் திரும்பி வந்தார்.

10.6, வியாழன்

மதுரை. 6.10 பஸ். சாந்தாவிடம் சொல்லவில்லை. புறப்படும் முன் வழக்கமான பாடம். “யாரு கேட்டா என்ன சொல்லணும்?” “சின்னப் பிள்ளையில காய்ச்சல்.” ராஜி நன்றாகச் சொன்னாள்.

டாக்டரம்மாவுக்கு நாற்பதுகூட இருக்காது. மேசையில் தூசி. சாந்தாவின் தாய் என்று சொன்னேன்.

“காய்ச்சல் இல்ல. பிறவியிலேயே.”

வாய்விட்டுச் சொன்னது இதுவே முதல் தடவை. அவர் அதற்குள் ராஜியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை வைத்திருந்தார்.

“தெரியுதும்மா. ரத்தம் எடுத்துக் குரோமோசோம எண்ணிப் பாத்துருவோம்.”

“நாப்பத்தெட்டு இருக்கணும்” என்றேன். கான்வென்ட்டில் படித்தது.

“நாப்பத்தாறும்மா. நீங்க படிச்ச காலத்துல நாப்பத்தெட்டுன்னுதான் நெனச்சிருந்தாக. பின்னாடிதான் சரியா எண்ணுனாக.”

தப்பான விடைக்கு முழு மார்க் வாங்கியிருக்கிறேன். சிஸ்டர் எனக்கு அதற்காக ஒரு படமும் பரிசு கொடுத்தார்.

ராஜிக்கு இருக்கும் இந்தக் கோளாறில் இரண்டு வகை உண்டாம். ஒன்று, கருமுட்டை உருவாகும்போது 21ஆம் ஜோடி பிரியாமல் இரண்டும் ஒரே பக்கம் போய்விடுவது. தகப்பன் பங்கு ஒன்றும் சேர்ந்து குழந்தைக்கு மூன்று. தற்செயல். மற்றது, ஒரு 21 வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டு வருவது. அது எனக்கோ என் வீட்டுக்காரருக்கோ இருந்திருந்தால் சாந்தாவிடமும் இருக்கலாம், வெளியே தெரியாமலே. ரிசல்ட் வர மூன்று வாரம்.

ஊசியை எடுத்ததும் ராஜி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பயப்படாதீகம்மா.” ஊசி அவளுக்கு.

திரும்பும் பஸ்ஸில் புதுப் பாடம். மதுரை போனதை, ரத்தம் எடுத்ததை யாரிடமும் சொல்லக்கூடாது. “சொல்ல மாட்டேன்.”

11.6, வெள்ளி

சாம்பாரில் உப்பு இரண்டு முறை. டாக்டரம்மா வரைந்து கொடுத்த சீட்டு முன்னால் இருக்கிறது.

என் அம்மா கொடுத்தது 23, அப்பா கொடுத்தது 23. இரண்டிரண்டாகச் சேரும். சேர்ந்தபடி துண்டுகளை மாற்றிக்கொள்ளும். பிறகு ஜோடிக்கு ஒன்றாகப் பிரியும். எது எந்தப் பக்கம் போகும் என்பதற்கு விதி இல்லை. இரண்டை 23 தடவை பெருக்கினேன்: 83,88,608 விதம். துண்டு மாற்றுவதைச் சேர்க்காமலே. ஒரு முறை தப்பு வந்தது, மறுபடி போட்டேன், சரி.

சாந்தாவுக்கு அவள் அப்பாவின் மூக்கு, என் அம்மாவின் காது, யாருடையது என்றே தெரியாத பொறுமை. என் பிள்ளை அப்படியே நான் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

மனதை விட்டுப் போகாதது இது. நான் என் அம்மா வயிற்றில் இருந்தபோதே என் முட்டைகளில் ஜோடிகள் சேர்ந்துவிட்டனவாம். சேர்ந்து, அப்படியே நின்றுவிடும். பிரிவது பல வருடம் கழித்து, முட்டை வெளிவரும் நேரத்தில். நான் ஸ்கூலில் முட்டி போட்டபோதும், மணவறையில் உட்கார்ந்தபோதும் ராஜியின் முட்டை உள்ளே காத்திருந்தது. நாற்பத்தொரு வருடம். நாளாக ஆகப் பிடிமானம் தளர்ந்து, பிரிவதில் தப்பு நேருமாம்.

“ஒங்க தப்பு இல்லம்மா” என்றார் டாக்டரம்மா நேற்று. தப்பு என்று நான் சொல்லவே இல்லையே என்றேன். பதிலுக்குச் சிரித்தார். எனக்குப் பிடிக்கவில்லை.

13.6, ஞாயிறு

சொல்லாமல் வந்தார்கள், சாந்தாவும் சம்பந்தியம்மாவும். இரண்டு கிலோ பன்னீர் திராட்சை. ஊசி போட்ட இடம் ராஜிக்கு நீலமாகக் கன்றியிருந்தது. முழுக்கைச் சட்டை போட்டிருக்க வேண்டும். மறந்தேன்.

“என்ன ஆத்தா, கையில கன்னிப் போயிருக்கு?” சம்பந்தியம்மா.

ராஜி என்னைப் பார்த்தாள். பாடத்தை ஒப்பித்தாள்: “மதுரைக்குப் போனதச் சொல்லக்கூடாது. ரத்தம் எடுத்ததச் சொல்லக்கூடாது.”

எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே. காய்ச்சல் பொய், சாந்தா என் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவள், அவள்மேல் குற்றமில்லை.

“பொண்ணு பாக்க வந்தன்னைக்கு இந்தப் பிள்ளைய எங்கன ஒளிச்சு வச்சிருந்தீக?”

“மேகமலையில.”

“அந்தக் குளிருலயா? எங்களுக்குப் பயந்து பெத்த பிள்ளைய மலையேத்தி விட்டீகளாக்கும். இங்கிலீசு படிச்ச பொம்பள!”

எதற்கும் தயாராக இருந்தேன், இதற்கு இல்லை.

“சரி, எம் பேரப்பிள்ளைக்கு என்ன பதிலு?”

“மூணு வாரம் ஆகும்.”

சாப்பிடாமல் கிளம்பினார்கள். ராஜி ஓடிப்போய் இருவர் செருப்பையும் ஜோடியாகத் திருப்பி வைத்தாள்.

2.7, வெள்ளி

கூரியர் 11.40. ஒட்டிய உறை. கத்தரி கிடைக்கவில்லை, கையால் கிழித்தேன்.

மொத்தம் 47. மூன்று 21. மூன்றும் தனித்தனி, எதிலும் ஒட்டவில்லை.

மூன்று தடவை படித்துவிட்டுத் தேனிக்குப் போன் செய்தேன். எடுத்தது சம்பந்தியம்மா.

“அப்ப வம்சத்துல இல்லைங்கிறீகளா?”

“இல்ல. என் வயசு.”

“எம் மருமகளுக்கும் முப்பத்தாறு ஆகுதுல்ல.”

கணக்கில் கெட்டி. டாக்டரம்மாவும் அதையே சொல்லியிருக்கிறார். வம்சப் பயம் இல்லை, வயதுப் பயம் உண்டு. வேண்டுமென்றால் பதினாறாம் வாரத்தில் வயிற்றில் ஊசியிட்டு நீர் எடுத்துப் பார்க்கலாம். 21ஆம் தேதி.

4.7, ஞாயிறு

மூன்று வாரத்துக்குப் பிறகு சாந்தாவின் குரல். குசலம் எதுவும் இல்லை.

“அப்பவே இந்த ஊசி இருந்திருந்தா ராஜிய என்னம்மா செஞ்சிருப்பீக?”

ராஜி கூடத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். தொலியைக் கிண்ணத்திலும் பயறைக் குப்பையிலும் போட்டுவிட்டுத் தானே சிரித்தாள்.

“வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.”



“இப்ப?”

“இப்ப, அவ இல்லாத வீட்டுல எனக்கு இருக்கத் தெரியாது. அத வச்சு நீ முடிவு பண்ணாத. ஒன் வயிறு, ஒன் முடிவு.”

மூக்கை உறிஞ்சினாள். அழுகையா ஜலதோஷமா, கேட்கவில்லை.

“நீங்க வரணும். ராஜியும் வரணும்.”

“ஒங்க அத்தை?”

“அவுகதான் ராஜியக் கூட்டியாரச் சொன்னாக.”

20.7, செவ்வாய்

சாரல். நாளைக்கு 6.10 பஸ். பிளாஸ்க். தயிர்ச்சாதம் ஐந்து பேருக்கு. டாக்டர் சீட்டு. ராஜியின் பச்சைச் சுடிதார், அரைக்கை. இஸ்திரிக்காரன் மடிப்பைக் கோணலாகப் போட்டிருக்கிறான்.

“எனக்கும் ஊசியா?”

“இல்ல. அக்காவுக்கு.”

“நான் கையப் பிடிச்சுக்கிறேன்.”

என்ன ரிசல்ட் வரும், வந்தால் சாந்தா என்ன செய்வாள், தெரியாது. காலையிலிருந்து கைப்பையை நான்கு முறை திறந்து பார்த்தாயிற்று.

வெளியூர் போகிறோம் என்றதும் ராஜி தானாகவே எதிரில் வந்து நின்றாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாடத்துக்கு.

“யாரு கேட்டா என்ன சொல்லணும்மா?”

“ஒன் பேரச் சொல்லு.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”