கதவுக்குப் பின்னால் இருந்த இன்ஜின்

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று போனில் கேட்டபோது "எல்லாம் நல்லா இருக்குப்பா" என்றேன். அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். அம்மாவுக்கு இன்னும் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள்.

நேற்று காலையில் அம்மாவுக்கு இளைப்பு வந்தது. இன்ஹேலரைக் காணவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு உங்கள் பட்டறைக்கு வந்ததிலிருந்து எந்த நட்டு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். ஆனால் வீட்டுக்குள் நீங்கள் சேர்த்து வைத்ததில் அம்மாவின் மருந்து எந்தக் குவியலுக்குள் போனதென்று தெரியவில்லை. கார்புரேட்டர், கிழிந்த வலை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுத் தேடினேன். அம்மாவின் உதடு நீலமாகிவிட்டது.

கத்தினேன் அப்பா. பக்கத்து வீட்டு ஆக்சிலியா அக்கா ஓடிவந்து, "கதவைத் தொறடி" என்றாள். ஒரு சாண்தான் திறந்தது. பின்னால் நீங்கள் வைத்த படகு இன்ஜின். "இதை என்ன காவலுக்கா போட்டுருக்காரு உங்கப்பா?" என்று திட்டிக்கொண்டே அக்கா வெளியிலிருந்து தள்ள, நான் உள்ளிருந்து இழுத்தேன். அதற்குள் அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. அக்காவும் நானும்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"மெயின்லேண்டிலிருந்து கப்பலில் ஒரு பார்ட்ஸ் வர மாசக்கணக்காகும், எதையும் எறியாதே" என்பீர்கள். எறியவில்லை. எல்லாம் வெளியே தார்ப்பாய்க்கு அடியில் இருக்கின்றன. இன்ஹேலர் பிறகு வலைக்குள் கிடைத்தது.

நீங்கள் போயிருக்கும் பக்கத்துத் தீவு லாங் ஐலண்டில் இன்னொரு பழைய இன்ஜின் வாங்கியிருப்பதாகச் சொன்னீர்கள். அதை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள். போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை. அங்கே படகில் வரும் கஸ்பார் அண்ணனிடம் கடிதமாகக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவின் கட்டிலிலிருந்து வாசல் வரை வழி விட்டிருக்கிறேன். அதில் எதையாவது வைத்தால் கத்துவேன். எனக்கு இப்போது கத்த வருகிறது.

உங்கள் மகள்