பாய் சுற்றிய காயில்

6 ஜூலை 2024, சனி

பின்பால் மெஷினின் மூன்றாவது பம்பர் இன்று உதைத்தது! இரும்புக் குண்டு அதில் பட்டதும் டக்கென்று எகிறி ஓடியது, மேலே எண் சக்கரம் ஒரு இடம் நகர்ந்தது. நானும் கலீமுல்லா பாயும் கைதட்டினோம். என் மனைவி நீரஜா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

அடையாறில் மூடிவிட்ட ஒரு கிளப்பின் குடோனிலிருந்து, சாய்ந்த பலகையில் குண்டை அடித்துப் புள்ளி சேர்க்கும் இந்த மெஷினை வாங்கி வந்து ஐந்து மாதமாகிறது. கம்ப்யூட்டர் எதுவும் நுழையாத காலத்துச் சாமான். உள்ளே முழுக்க ரிலே, காயில், துணி சுற்றிய ஒயர். முப்பது வருடம் காலேஜில் கணக்கு நடத்தியவனுக்கு வரைபடம் புரிகிறது, கை வரவில்லை. கை பாயுடையது. கச்சேரி ரோடு பக்கம் ஃபேன், மிக்ஸி மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடை அவருக்கு. கரண்ட் வந்ததும் இந்த பம்பரை இழுத்து உதைக்கவைக்கும் பழைய காயிலைப் பிரித்து, சுற்றுகளை எண்ணி, அதே கணக்கில் புதிதாகச் சுற்றிக் கொண்டுவந்தார்.

"ஆயிரத்து நூத்தி இருவது சார். ஒண்ணு கொறைஞ்சா என்னிய கேளுங்க."

அடுத்த ஞாயிறு என் பழைய டிபார்ட்மெண்ட் ஆட்கள் வருகிறார்கள். மெஷின் ஓடுகிறது, வந்து ஆடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன்.

12 ஜூலை, வெள்ளி

ஃப்யூஸ் போய்க்கொண்டே இருக்கிறது. பத்து நிமிடம் தாங்குகிறது, பிறகு அவுட்.

"எங்கியோ ஒரு ஸ்விட்ச் ஒட்டிக்கினு கீது சார். அத்த கண்டுபுடிக்காம ஆட வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருகிறார்களே என்றேன்.

"வந்தா டீ குடிச்சிட்டுப் போவட்டும்."

13 ஜூலை, சனி

கையிலிருந்த கடைசி ஃப்யூஸும் போயிற்று. பாய் கடையில் இருந்தார். வீட்டு ஃப்யூஸ் கட்டைக்குக் கட்டுவதுபோல, கண்ணாடி ஃப்யூஸின் மேல் செப்புக் கம்பி ஒரு இழை சுற்றி மாட்டினேன். ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. நாளை ஒரு நாள்தானே?

பாய் போனில் கேட்டார். புது ஃப்யூஸ் போட்டேன், நிற்கிறது என்றேன்.

15 ஜூலை, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

ஆறு பேர் வந்திருந்தார்கள். பாயும் இருந்தார். ராகவேந்திரன் ஆடிக்கொண்டிருந்தபோது அரக்கு எரிகிற வாசனை வந்தது. மூன்றாவது பம்பர் இழுத்தது இழுத்தபடியே நின்றுவிட்டது. அப்புறம் புகை. நான் ஸ்விட்சை அணைக்கச் சுவர்ப்பக்கம் ஓடினேன். நடுவில் நாற்காலிகள், ஆட்கள். அதற்குள் பாய் பலகையைத் தூக்கி உள்ளே கைவிட்டு ஒயரைப் பிடுங்கப் பார்த்தார். காயில் சுற்றிய பிளாஸ்டிக் உருளை உருகி அப்படியே விரல்களில் ஒட்டிக்கொண்டது. வலது கை. கட்டைவிரலும் அடுத்த இரண்டும்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "நான் சுத்துனதுலதான் சார் கோளாறு. உள்ள எங்கியோ கம்பி மேல எனாமல் உரிஞ்சிருக்கும். அதான் எரிஞ்சிட்ச்சி."

நான் வாயைத் திறக்கவில்லை.

திறக்காதது மட்டுமா? வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மெஷினைத் திறந்து, ஃப்யூஸிலிருந்த அந்த இழையைப் பிரித்துக் குப்பையில் போட்டேன். யாரும் பார்க்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பின் ஏன் அப்படி ஒரு அவசரம் — எனக்கே தெரியும் ஏன் என்று.

22 ஜூலை, திங்கள்

கடை மூடியே இருக்கிறது.

29 ஜூலை, திங்கள்

பாய் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அஃப்சருன்னிசா டீயும் பிஸ்கட்டும் வைத்தார். "கட்டுப் பிரிச்சாச்சு சார். ரெண்டு விரல் மடங்கல. கை ஆறிடும்னு சொல்றாங்க. மனசுதான் சரியில்ல அவருக்கு."

உள்ளே பாய் யாரோ வாடிக்கையாளரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "மோட்டார சைதாப்பேட்டைக்கு எட்துனு போ நைனா. என் சுத்து இப்ப சரியில்ல."

கை சரியில்லை என்று சொல்லவில்லை. சுத்து சரியில்லை என்றார்.

என்னைப் பார்த்ததும் கேட்டார்: "எரிஞ்ச காயில் இருந்தா குடுங்க சார். பிரிச்சிப் பாக்கணும், எங்க தப்பு பண்ணேன்னு."

தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். என் மேசை டிராயரில் இருக்கிறது அது. பிஸ்கட்டையும் தின்றுவிட்டு வந்தேன். சீ.

9 ஆகஸ்ட், வெள்ளி

இரண்டு நாளாக அந்தக் காயிலை நானே பிரித்தேன். கருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. அறுந்து அறுந்து வந்தது. ஐம்பது ஐம்பதாகக் கோடு போட்டு எண்ணினேன். ஆயிரத்து நூற்று இருபது.

பிறகு பம்பருக்கு அடியில் பார்த்தேன். ஸ்விட்சின் இரண்டு தகடுகளும் ஒன்றாக ஒட்டி, காயிலுக்குக் கரண்ட் நிற்காமல் போயிருக்கிறது. பாய் அன்றைக்கே சொன்னதுதான். நான் கம்பி சுற்றாமல் இருந்திருந்தால் ஃப்யூஸ் போயிருக்கும், அதோடு முடிந்திருக்கும்.

கரி அப்பிய கையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நீரஜா என்னவென்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அப்புறம், "அந்த மனுஷர் தன் மேலயே பழியைப் போட்டுண்டு ஆத்துல உக்காந்திருக்கார். நீங்க அவாத்துலயே டீ வாங்கிக் குடிச்சுட்டு வந்திருக்கேள். நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ. நான் கூட வரமாட்டேன்."

10 ஆகஸ்ட், சனி

சொல்லிவிட்டேன்.

எப்படி ஆரம்பிப்பது என்று வழி முழுக்க வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எதுவும் வரவில்லை. "ஃப்யூஸ்மேல கம்பி சுத்தினது நான்தான் பாய்" என்று மட்டும் வந்தது. மீதியை அவரே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார்.

"புது ஃப்யூஸ்னு சொன்னீங்களே போன்ல?"

"பொய்."

"காயில தூக்கிப் போட்டேன்னீங்களே?"

"அதுவும்."

மடங்காத விரல்களை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம்.

"வெரல் போனாப் போவுது சார். இருவத்தேழு நாளா கண்ண மூடுனா சுத்து எண்ணிக்கினு கெடந்தேன். எங்க வுட்டேன், எங்க வுட்டேன்னு. முப்பத்தஞ்சு வருசத் தொழில் சார். அதுமேலயே சந்தேகம் வந்துட்ச்சி எனக்கு. நீங்க எதிர்ல குந்திக்கினு பாத்துக்கினே இருந்தீங்க."

மன்னிப்பு என்ற வார்த்தையை எடுத்தேன். அஃப்சருன்னிசா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "கிளம்புங்க சார்."

12 ஆகஸ்ட், திங்கள்

கடை திறந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் பெட்டிக்கடையில் நின்று பார்த்தேன். பாய் இடது கையால் சுற்றும் மெஷினின் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருந்தார், மெதுவாக. உதடு அசைந்தது. எண்ணுகிறார்.

உள்ளே போகவில்லை. போகும் உரிமை இல்லை.

7 செப்டம்பர், சனி

பிள்ளையார் சதுர்த்தி. நீரஜா பாய் வீட்டுக்குக் கொழுக்கட்டை கொடுத்தனுப்பினாள். டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. எப்போதும் ஏதாவது வைத்து அனுப்புவார்கள்.

21 செப்டம்பர், சனி

பதினோரு மணிக்கு வாசலில் மணி அடித்தது. கலீமுல்லா பாய். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற நீரஜாவிடம் கேட்டார்: "அந்த மெஷின் இன்னும் கீதா மா?"

"இருக்கு. வாங்கோ."

பையிலிருந்து செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். புதுக் காயில். பலகையைத் தூக்கி நிறுத்துமுன் மெஷினின் ப்ளக்கைச் சுவரிலிருந்து உருவி, ஒயரோடு இழுத்துவந்து தன் கால் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அரை மணி நேரம் வேலை செய்தார். ஒட்டிய தகடுகளைப் பிரித்துத் தேய்த்தார், காயிலை உட்கார வைத்தார். நான் கதவோரம் நின்றேன். போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

கடைசித் திருகாணி மூலையில் இருந்தது. இடது கைக்கு எட்டவில்லை. வலது கையில் ஸ்க்ரூ டிரைவர் நிற்கவில்லை. இரண்டு தரம் நழுவி விழுந்தது. மூன்றாம் தரம் அதைப் பொறுக்கி, என் பக்கம் திரும்பாமலேயே, கையை மட்டும் நீட்டினார்.

"நீங்க முறுக்குங்க சார். ப்ளக் என்கிட்டயே இருக்கட்டும்."