டூரிஸ்ட்டை இறக்கிவிட்ட வளைவு

என் பிரியமான வசந்தாக்கா,

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குக் கீழே, இலை எடை போடும் கொட்டகை ஓரமாக ஒரு காலிச் சாக்கின் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாலு வரி எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து பார்த்துவிட்டேன். மத்தியானச் சங்கு ஊத இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. மேலே உன் கூட்டாளிகள் இலை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய சோற்றுப் பைகளுக்குப் பக்கத்தில் உன் டூரிஸ்ட் படுத்திருக்கிறான். என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. துக்கத்தில் கை ஓடவில்லை என்று மற்றவர்களிடம் சொல்லலாம், உன்னிடம் அது செல்லாது. வெட்கம், அவ்வளவுதான். இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் திட்டத் தோன்றினால் திட்டிக்கொள். வேறு யாராவது படித்தாலும் படிக்கட்டும் என்றுதான் ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், சீசன் கூட்டம் மலையை நெரித்துக்கொண்டிருந்தபோதுதான் அவன் வந்தான். வந்தான் என்ன, கொண்டுவந்து போட்டார்கள். காட்டுக்குக் கீழே தார் ரோட்டில் ஒரு கார் நின்றது, கதவு திறந்தது, செம்பட்டை முடியும் தொங்கும் காதுமாக ஒரு நாய் இறங்கியது, கார் போய்விட்டது. நீங்கள் பத்துப் பேரும் மேலே இலை எடுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இரண்டு நாள் அது அதே இடத்தில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். மூன்றாம் நாள் நீ உன் சோற்றில் பாதியைப் பிரித்துப் போட்டாய்.

“சீசனுக்கு வந்த டூரிஸ்ட்டு, சீசன் முடிஞ்சா போயிரும்” என்று உன் கூட்டாளி சரோஜாக்கா கேலி செய்தார். அதுவே பெயராகிவிட்டது. நீ மட்டும் சிரிக்கவில்லை. “இங்க வர்றவீங்க குப்பையத்தான் போட்டுட்டுப் போவாங்கன்னு பாத்தா, இப்ப உசுரையும் போட்டுட்டுப் போறாங்க” என்று என்னிடம் சொன்னாய். டாக்ஸி ஓட்டுகிறவன் என்பதால், அப்படிப்பட்டவர்களை ஏற்றிவருவதே நான்தான் என்பதுபோல ஒரு பார்வை வேறு.

அவன் போகவில்லை. உன்னோடு வேலைக்கு வர ஆரம்பித்தான். இன்றைக்கு ஒன்பதாம் நம்பர் என்றால் நாளைக்குப் பத்து, பிறகு பதினொன்று, எல்லாக் காட்டிலும் இலை எடுத்து முடித்துப் பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி ஒன்று. இந்த ரவுண்டை அவன் உங்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டான். “மேஸ்திரி சொல்றதுக்கு முந்தியே அடுத்த காட்டுல போய் உக்காந்துக்கறான்டா” என்று எத்தனை முறை பீற்றிக்கொண்டாய்! கார் மட்டும் ஆகாது. என் வண்டி உங்கள் எஸ்டேட் லைன் வீட்டு வரிசைப் பக்கம் திரும்பினாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். சாயங்காலம் நீ முன்னால் நடப்பாய், பத்தடி பின்னால் அவன் வருவான். நீ திரும்பியே பார்க்கமாட்டாய். வருகிறானா என்று பார்க்கக்கூட மாட்டாயா என்று கேட்டேன்.

“பாத்தா, நான் சந்தேகப்படறேன்னு நெனச்சுக்குவான் கண்ணு” என்றாய்.

ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள் நீ கேட்டதெல்லாம் அவனைப் பற்றித்தான். “நான் பாத்துக்கறேன்கா” என்று உன் கையைப் பிடித்துச் சொன்னேன். சொன்னபோது பொய் சொல்லவில்லை. நம்புவாயா?

உன் வீட்டை எஸ்டேட் அடுத்த ஆளுக்கு ஒதுக்கிவிட்டது. டூரிஸ்ட்டைக் குன்னூருக்குக் கூட்டிப்போனேன். காரில் ஏறாதவனை எப்படி ஏற்றினேன் தெரியுமா? உன் நீல ஸ்வெட்டரைப் பின்சீட்டில் விரித்துப் போட்டேன். மோந்து பார்த்தான், ஏறிக்கொண்டான்.

எங்களுக்கு மாடி வீடு, உனக்குத்தான் தெரியுமே. நான் வண்டியில் போய்விடுவேன், என் மனைவி மலர் கடை வேலைக்குப் போய்விடுவாள். பகல் முழுக்க அவன் சங்கிலியில் கிடந்து அழுதான். நாய் குரைத்தால் பொறுத்துக்கொள்ளலாம் அக்கா, அவன் அழுதான். இரண்டு மாதம் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் மாடிப்படியிலேயே நிறுத்திச் சொன்னார்: “ஏனுங்க தம்பி, நாயா ஊடான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.” மலர் பதறவில்லை. “ஒரு மாசம் டைம் கேளுங்க. வேற ஊடு பாக்கலாம்” என்றாள். நான் கேட்கவில்லை. மறுபடி மே மாதம், தினமும் இரண்டு மூன்று டிரிப், எனக்கு நின்று பேசப் பொறுமையில்லை.

அப்படித்தான் ஒரு காலை மேட்டுப்பாளையத்தில் ஒரு பார்ட்டியை ஏற்றக் காலி வண்டியோடு கிளம்பினேன். குன்னூரிலிருந்து நேராக இறங்கும் பாதை இருக்க, வேண்டுமென்றே கோத்தகிரி சுற்றிப் போனேன். குன்னூர்ப் பாதையில் ஒவ்வொரு டீக்கடைக்கும் என்னைத் தெரியும். கோத்தகிரிப் பாதையில் யாருக்கும் தெரியாது. அந்த அளவுக்கு யோசித்துத்தான் செய்தேன். பின்சீட்டில் உன் ஸ்வெட்டர். அதன்மேல் அவன்.

பாதி இறக்கத்தில், ஒரு டீக்கடை இருக்கும் வளைவில் நிறுத்தினேன். கார்கள் நிற்கிற இடம், பன்னும் பிஸ்கட்டும் விழும், பட்டினி கிடக்கமாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன். அவன் குனிந்தபோது ஏறிக் கதவைச் சாத்தினேன். ஸ்வெட்டரைக்கூட அவனுக்கு விடவில்லை அக்கா. கண்ணாடியில் பார்த்தேன். மூன்று வளைவு வரைக்கும் ஓடி வந்தான். அப்புறம் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டேன்.

மலரிடம், கோத்தகிரிப் பக்கம் ஒரு காய்கறித் தோட்டக்காரர் ஆசையாக வாங்கிக்கொண்டார் என்றேன். நாலு ஏக்கர், சுற்றிலும் வேலி, இரண்டு மாடு என்று அளந்துவிட்டேன். “ஒரு நாளு போய்ப் பாத்துட்டு வரலாங்க” என்றாள் அவள். வாரம் தவறாமல் கேட்டாள்.

நாலாம் நாளே அந்த வளைவுக்குத் திரும்பப் போனேன். மனசு மாறியா, சும்மா பார்க்கவா, இன்றுவரை எனக்கே தெரியவில்லை. டீக்கடை அம்மா என்னை அடையாளம் தெரியாமல் சொன்னார்: “ரெண்டு நாளா வெள்ளைக் காரு எது வந்தாலும் ஓடிப்போய் மோந்து மோந்து பாத்துச்சுங்க. நேத்துல இருந்து காணோம். இந்தப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் வேற இருக்குதுங்களே.” என் கார் அவருக்கு எதிரில்தான் நின்றது. வெள்ளைக் கார். காரைக் கண்டாலே ஒளிகிறவன் எனக்காக ஒவ்வொரு காராக மோந்திருக்கிறான்.

அன்றிலிருந்து தேடினேன். உன் பழைய வீட்டு வாசலுக்கு ஐந்து தடவை போனேன். நாய்க்கு வீடுதானே நினைவிருக்கும் என்று எண்ணம். புதிதாகக் குடிவந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் இல்லை என்றார்கள். சரோஜாக்கா வீடு நாலு வாசல் தள்ளி. அங்கே மட்டும் போகவில்லை. போனால் என் முகத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்.

போன மாதம் பூஜை லீவில் ஒரு குடும்பத்தை ஏற்றினேன். அந்த அம்மா மடியில் சுருட்டை முடியோடு ஒரு குட்டி நாய். வளைவுகள் தாண்டியதும் அந்த ஐயா, “டிரைவர், கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க” என்றார். ஃபிளாட்டில் அனுமதிக்கமாட்டேன் என்கிறார்களாம். “இங்க விட்டா யாராச்சும் எடுத்துக்குவாங்கல்ல?” என்று என்னிடம் கேட்டார். அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முன்னெல்லாம் இப்படி யாராவது கேட்டால் நறுக்கென்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு, அதை உன்னிடம் வந்து பெருமையாகச் சொல்லுவேன். அன்றைக்கு முடியவில்லை. நான் யார் சொல்ல? என்ஜினை அணைத்தேன்.

“எடுத்துக்க மாட்டாங்க சார்” என்றேன். “நான் விட்டேன். செத்துப்போன எங்கக்கா வளத்த நாய. அஞ்சு மாசமாத் தேடிட்டு இருக்கேன்.”

திறந்த கதவை அவர் சாத்திவிட்டார். நேராக ஓட்டலுக்கு விட்டேன். நாயோடுதான் இறங்கினார்கள். மறுநாள் என்ன செய்தார்களோ? வேறு டிரைவர், வேறு வளைவு கிடைக்காமலா போகும்? எனக்குத் தெரியாது.

முதல் தடவையாக வாயைவிட்டுச் சொன்னது முன்பின் தெரியாத ஆளிடம். வீட்டுக்குப் போய் மலரிடம் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, “போய்த் தேடிக் கூட்டிட்டு வாங்க. ஊடு நான் பாக்கறேன்” என்றாள். அதற்கப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மறுநாள் சரோஜாக்காவிடம் வந்தேன். பாதி சொல்வதற்குள் கையமர்த்திவிட்டார்.

“ஏந் தம்பி, எஸ்டேட்டுல பொறந்து வளந்தவன்தான நீ? நாயத் தேடறவன் ஊட்டு வாசல்ல போய் நின்னுட்டு வருவியா? இன்னிக்கு எந்த நம்பர்ல எலை எடுக்கறீங்கன்னு யாருகிட்டயாச்சும் ஒரு வார்த்தை கேட்டியா?”

அவன் அவர்களோடுதான் இருந்திருக்கிறான். அந்த வளைவிலிருந்து மலையேறி, காலெல்லாம் புண்ணாகி, ஒரு மத்தியானம் ஆறாம் நம்பர் காட்டுக்கு வந்து சேர்ந்தானாம். அன்றைக்கு இலை எடுத்தது ஆறாம் நம்பரில்தான். நேராக வந்து சோற்றுப் பைகளுக்குப் பக்கத்தில் படுத்தானாம். எழுந்து ஒவ்வொருவர் கையாக மோந்தானாம். எல்லாரும் இருந்தார்கள், நீ இல்லை. ராத்திரி எடைக் கொட்டகையிலேயே படுத்துக்கொள்வானாம், நீ இல்லாத லைன் பக்கம் வருவதே இல்லையாம். எனக்கு ஏன் போன் செய்யவில்லை என்று கேட்டேன்.

“தொலைஞ்சுபோனதுன்னா நீ எங்ககிட்டத் தேடி வருவேன்னு பாத்தோம். மொத வாரம் வரல. அப்பவே தெரிஞ்சுபோச்சு” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று வாரமாகத் தினமும் வந்து பார்க்கிறேன். எட்டியே நிற்கிறான். போன வாரம் உன் ஸ்வெட்டரைக் கொண்டுவந்தேன். கிட்டே வந்தான் அக்கா, வால்கூட ஆடியது. ஸ்வெட்டரை மோந்தான், அப்புறம் கீழே நின்ற என் காரைப் பார்த்தான். ஒரே பாய்ச்சலில் தேயிலைக்குள் புகுந்தவன் நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. உன் வாசனையைக்கூட நான் கெடுத்து வைத்திருக்கிறேன்.

இனி நாளும் இல்லை. லைன் வீட்டுப் பக்கம் நாயைத் தேடிச் சிறுத்தை இரண்டு தடவை வந்துவிட்டது. குழந்தைகள் இருக்கிற இடம். காட்டிலும் லைனிலும் நாய் எதுவும் இருக்கக்கூடாது, நாளைக்குப் பிடிக்க ஆள் வருவார்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பிடித்து எங்கே கொண்டுபோவார்கள்? யாரோ எங்கேயோ இறக்கிவிடுவார்கள். அவனுக்கு அது மூன்றாம் தடவை.

மலர் வீடு பார்த்துவிட்டாள். கோத்தகிரிக்கு இந்தப்புறம், தரையோடு வீடு, பின்னால் கேரட் தோட்டம். இங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர். வீட்டுக்காரம்மா முதல் கேள்வியே “நாய் இருக்குதுங்களா?” என்றுதான் கேட்டாராம். மலர் பயந்துகொண்டே இருக்கிறது என்றாளாம். “நல்லதாப் போச்சு. பன்னி வந்து ஒரு கெழங்க உட்டுவெக்க மாட்டேங்குது” என்றாராம். நீ இருந்தால் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

வழி சொன்னது சரோஜாக்காதான். “அது வண்டியில ஏறாது. உங்கக்கா நடந்தா, பின்னால நடந்துச்சு. நீயும் நடந்து பாரு.” அதனால் இன்றைக்குக் கார் எடுத்துவரவில்லை. அவர் அரை நாள் லீவு போட்டிருக்கிறார். எஸ்டேட் கேட் வரைக்கும் அவர் முன்னால் நடப்பார். கேட்டுக்கு அப்புறம் நான் மட்டும்.

சங்கு ஊதிவிட்டது. எழுந்திருக்கிறேன்.

*

மறுபடி எழுதுகிறேன். கேட்டைத் தாண்டி நாலு கிலோமீட்டர் வந்திருப்பேன், ரோட்டோரம் ஒரு மதகின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டில் சரோஜாக்கா நின்றுகொண்டார். “போ தம்பி. திரும்பிப் பாக்காத” என்று மட்டும் சொன்னார். அவன் அவர் காலடியில் நின்றான். நான் நடந்தேன்.

கழுத்து வலிக்கிறது அக்கா. நாலு கிலோமீட்டரும் திரும்பவில்லை. அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை விரட்டியவன் நான்; இன்றைக்குப் பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டு கிலோமீட்டர் என் செருப்புச் சத்தம் மட்டும்தான். வெறுமனே நடக்கிறேனோ என்று நினைத்தேன். இதோ இந்த மதகுக்கு வந்து நான் நின்றபோது, பின்னால் தாரில் நகம் உரசுகிற சத்தம் ஒன்றும் நின்றது. பத்தடி இருக்கும்.

இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து கிலோமீட்டர் பாக்கி. மலர் சோறு வடித்து வைத்திருப்பாள். நாளைக்கே அவன் கிளம்பி மறுபடி பத்தாம் நம்பர் காட்டுக்குப் போனாலும் போவான். போனால் நானும் நடந்தே வந்து நடந்தே கூட்டிப்போகிறேன், அவன் நம்புகிற வரைக்கும். உனக்குக் கொடுத்த வாக்கை ஒரு தடவை வழியில் போட்டுவிட்டேன். அதை மறுபடி எடுத்துக்கொள்கிறேன்.

பத்தடி முன்னால் நடந்துகொண்டிருக்கும்,
உன் தம்பி சுந்தரம்