தரைதட்டப் பிறந்த கப்பல்

பிப்ரவரி 4

அன்புள்ள மருந்துக்காரருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். இந்தக் கப்பல் தளத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாதாம். வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிட்டார்கள். உங்கள் தீவிலோ தூறல் விழுந்தாலே சிக்னல் படுத்துவிடும். ஆகவே கடிதம்தான். டாக்டர்கள் கிறுக்குவதையே படித்து மருந்து கொடுக்கிறவர், என் கையெழுத்தைப் படிக்கமாட்டீர்களா என்ன?

கப்பலைப் பார்த்துவிட்டேன்! இரண்டு கப்பல்கள், அக்கா தங்கை மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நட்பு நாட்டுக் கடற்படை முப்பத்தொரு வருஷம் ஓட்டிவிட்டு நம் கடற்படைக்குத் தருகிறது. மூத்தவள் எங்கள் குழுவுக்கு. பெயின்ட்டைச் சுரண்டினால் வெங்காயம் மாதிரி உரிந்துகொண்டே போகிறது. ஆனால் அந்த மூக்கு இருக்கிறதே! இரண்டாகப் பிளந்து திறக்கும். உள்ளேயிருந்து ஒரு பெரிய சாய்பலகை இறங்கும். லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம் அப்படியே மணலில் உருண்டு போகலாம். துறைமுகமே வேண்டாம். ஊரிலுள்ள கப்பல்காரர்கள் எல்லாம் தரைதட்டாமல் இருக்கத் தலைகீழாக நிற்பார்கள். இவள் தரைதட்டுவதற்கென்றே பிறந்தவள்!

இதன் பழைய தலைமை என்ஜினியர் ஒரு மீசைக்காரர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். “என்ஜின் ரூமை யார்கிட்ட ஒப்படைக்கணும்னு கேக்கறார்.”

“என்கிட்டதான்னு சொல்லுங்க.”

அரை மணி நேரத்தில் நானும் மீசைக்காரரும் ஒரே பம்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தோம். அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை.

நம் மகள் வாயாடியின் ஆடும் பல் விழுந்ததா? அவளுக்கு ஆயிரம் முத்தம்.

உங்கள்
கப்பல்காரி


பிப்ரவரி 19

கப்பல்காரிக்கு,

முப்பத்தொரு வயதுக் கிழவிக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நாற்பத்திரண்டு வயதில் நான் ஒருவன் இங்கே இருக்கிறேன். எனக்கு ஒரு வரி உண்டா?

பல் விழுந்துவிட்டது. அதைவிடப் பெரிய செய்தி: வகுப்பில் எழுந்து நின்று, “எங்கம்மா கப்பல் வாங்கப் போயிருக்காங்க” என்றாளாம். டீச்சர் “எந்தக் கடையில?” என்று கேட்க, இரண்டு நாளாக அவர்களோடு டூ.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் நிற்கும்போதே பள்ளிக்கூட மணி அடிக்கிறது. ஓடுகிறேன். திரும்பி வந்தால் வரிசையில் நிற்பவர்கள் முறைக்கிறார்கள். இரட்டைச் சடை போட இன்னும் கை வரவில்லை. குறை சொல்வதாக நினைக்காதே. சரி, குறைதான் சொல்கிறேன். ஆறு மாதம், அதற்குப் பிறகு கரையில்தான் வேலை என்று சொல்லிவிட்டுப் போனாய். கிழவியைப் பார்த்த சந்தோஷத்தில் அதை மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் மருந்துக்காரன்


மார்ச் 21

அன்புள்ள உங்களுக்கு,

இன்று கரை ஏறினோம்! முதல் முறை, என் என்ஜினில், என் ஆட்களை வைத்து!

முன்பக்கத் தொட்டிகளில் இருந்த நீரை இறைத்து மூக்கைத் தூக்கினோம். வழியில் பின்பக்க நங்கூரத்தைப் போட்டுவிட்டு வந்தோம். திரும்பும்போது அதைப் பிடித்துத்தான் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். பிறகு நேராகக் கரையைப் பார்த்துக் கப்பலை விட்டோம். கீழே என்ஜின் ரூமில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, காதும் உள்ளங்காலும்தான். சர்ரென்று ஒரு உரசல். கப்பல் மெதுவாக, படுக்கப்போகும் யானை மாதிரி, மணலில் உட்கார்ந்தது. எங்கள் ஆட்கள் போட்ட கூச்சலில் என்ஜின் சத்தமே கேட்கவில்லை. மீசைக்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார்.

இதோடு கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் சாயங்காலம் கேப்டன் கூப்பிட்டார்.

“உங்க வீட்டுக்காரர் தலைமையகத்துக்கு மனு போட்டிருக்கார். குடும்பச் சூழ்நிலை, உங்களுக்குக் கரைப்பணி வேணும்னு. தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும் சார்” என்றேன். பொய் சொன்னேன். என் புருஷன் எனக்குத் தெரியாமல் எழுதினார் என்று அந்த அறையில் சொல்ல வாய் வரவில்லை.

“இந்தக் கப்பலுக்கு உங்களையே தலைமை என்ஜினியரா மூணு வருஷத்துக்குக் கேக்கலாம்னு இருந்தேன். ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க.”

கரைப்பணி என்று வாக்குக் கொடுத்தது நான்தான். மறக்கவில்லை. ஆனால் ஏன் என்னிடம் கேட்கவில்லை?


ஏப்ரல் 6

அன்புள்ளவளே,

கையெழுத்துக்கூடப் போடாமல் அனுப்பியிருக்கிறாய்.

ஆமாம், நான்தான் எழுதினேன். உன் முதல் கடிதம் வந்த அன்று. அதைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, நீ திரும்பக் கரைக்கு வரமாட்டாய் என்று. கேட்டிருந்தால் நீ எனக்காகச் சரி என்பாய், பிறகு காலமெல்லாம் ஜன்னல் வழியாகக் கடலையே பார்த்துக்கொண்டிருப்பாய். மனு போட்டால் தலைமையகத்தின்மேல் பழி போகும் என்று நினைத்தேன். கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

உன்


மே 23

அன்புள்ள உனக்கு,

நீ எழுதவில்லை. பரவாயில்லை, நான் எழுதுகிறேன்.

புயலில் எங்கள் படகுத்துறை முழுதாகப் போய்விட்டது. ஐந்து நாள் படகே வரவில்லை. இன்சுலின் ஒரு பெட்டிதான் மிச்சம். யாருக்குக் கொடுப்பது, யாரை நாளைக்கு வா என்பது என்று தெரியாமல் நின்றேன். ஆறாம் நாள் காலையில் பள்ளிக்கூடம் பக்கம் ஒரே சத்தம். “கப்பல்! கப்பல்!”

உன் கப்பல்தான்; ஊர் திரும்பும் வழியில் மருந்தோடு இங்கே திருப்பிவிட்டார்களாம். ஊரே மணலில் நின்றது. அது நேராக எங்களைப் பார்த்து வந்தது. “ஐயோ, நிறுத்தச் சொல்லுங்க! தட்டப்போவுது!” என்று மீன்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“தட்டட்டும்மா! அது தட்டுறதுக்குத்தான் வருது!” என்று கத்தினேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

மூக்கு திறந்தது. சாய்பலகை பாதி இறங்கி நின்றுவிட்டது. உள்ளே ஏதோ ஓட்டம், கூச்சல். பிறகு நீ வந்தாய். முகமெல்லாம் எண்ணெய். நாலு பேரை வைத்துக்கொண்டு கைப்பம்பை அடித்தாய். “நிறுத்தாதீங்க! இன்னும் பத்து! அடிங்க!” என்று நீ போட்ட சத்தம் கரைவரை கேட்டது. பலகை அங்குலம் அங்குலமாக இறங்கி மணலைத் தொட்டபோது ஊர் போட்ட சத்தத்தில் வாயாடி காதைப் பொத்திக்கொண்டாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். உன் வேலையை நான் பார்த்ததே இல்லை. குளித்து, தலைவாரி, பெட்டியோடு வாசலில் வந்து நிற்பவளைத்தான் எனக்குத் தெரியும்.

மருந்தும் தண்ணீரும் இறங்கின. நீர் வடிவதற்குள் போக வேண்டும் என்று கப்பல் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டது. வாயாடி கூப்பிடப் பார்த்தாள். “இரு, அம்மா வேலையா இருக்காங்க” என்றேன். நீ எங்களைப் பார்த்தாயா என்று தெரியாது.

மனுவைத் திரும்பப் பெறுவதாக நேற்று எழுதிவிட்டேன். தலைமையகத்துக்குப் போனதன் நகல் இத்துடன் இருக்கிறது. கப்பலை ஏற்றுக்கொள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது நீ எடுக்க வேண்டிய முடிவு. என்னை மன்னித்துவிடு.

உன் மருந்துக்காரன்


ஜூன் 2

அன்புள்ள மருந்துக்காரருக்கு,

பார்த்தேன். நீலச் சட்டை, தோளில் வாயாடி, பக்கத்தில் மீன்காரம்மா. நிமிர்ந்து இன்னொரு தடவை பார்த்திருந்தால் பம்பை விட்டுவிட்டு ஓடி வந்திருப்பேன்.

நீங்கள் திட்டினாலும் சரி, ஒன்று சொல்ல வேண்டும். தீவை விட்டுக் கிளம்பிய அன்று மாலையே கேப்டனிடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று வருஷம். உங்கள் கடிதம் அப்போது என் கைக்கு வரவில்லை. உங்களை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்காமல் எழுதியதில் இப்போது நாம் இருவரும் சரிக்குச் சரி.

பதினொன்றாம் தேதியிலிருந்து பதினாறு நாள் விடுப்பு. இந்த முறை குளிக்காமல், அந்த எண்ணெய் முகத்தோடேயே வந்து நிற்கப் போகிறேன். கதவைத் திறப்பீர்களா?

உங்கள்
கப்பல்காரி