கரீம் பாய்க்கு மேலே பறந்தவர்

ஜனவரி 19, திங்கள்

காலையில் நல்ல பனி. எதிர்வீட்டு மாடிகூடத் தெரியவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகல். கரீம் பாய் பைப் கடையில் வாஷர் வாங்கினேன்.

மோட்டாருக்கு வால்வு வாங்க வந்த ஏகாம்பரம், வழக்கம்போல் பாயை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"குண்டு போட்டவன் வேற ஆளு. உன் ஆளு சும்மா மேல சுத்திக்கினு இருந்தாரு. அதுக்கு இன்னா பாய் இவ்ளோ பில்டப்பு?"

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முப்பது வருடம் பாடம் எடுத்த வாய். "ஏகாம்பரம், சந்துக்குள் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று 'வா வா, ஹோல்டான்' என்று கத்துகிறானே கிளீனர், அவனா வண்டி ஓட்டுகிறான்? ஆனால் சுவருக்கும் லாரிக்கும் நடுவில் நிற்பது யார்?"

"அது சரி," என்றார். தோற்றதை ஒப்புக்கொள்ளாத முகம்.

பாய் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு நடந்த சண்டை. பாய்க்கு இருபது வயது, ராணுவத்தில் வயர்லெஸ் வேலை. கால்வாய்க் கரையில் இவர்கள் கம்பெனி மாட்டிக்கொண்டது. எதிர்க்கரையில் எதிரி. மேலே ஒரு சின்ன விமானம். அதை ஓட்டியவர்தான் ஜெட் விமானங்களுக்கு எங்கே குண்டு போடுவது என்று காட்டினார். கீழிருந்து அவருக்குச் சொன்னது பாய். விமானத்தில் குண்டு துளைத்து எண்ணெய் ஒழுகியும் அவர் போகவில்லை. அதுவரை பேச்சு இங்கிலீஷிலும் ஹிந்தியிலும். கடைசியில் பயத்தில் பாய் தமிழில் அலறிவிட்டார். மேலிருந்து தமிழிலேயே பதில்: "பயப்படாதே தம்பி, மேலதான் இருக்கேன்." அப்புறம் பாயின் நெஞ்சில் குண்டுச் சில்லு. வயர்லெஸ் தூள். ஆஸ்பத்திரி.

அவர் பெயர் பாய்க்குத் தெரியாது. விமானப்படைக்கு எழுதிக் கேட்டும் பதில் இல்லை.

இன்று சில்லறை கொடுக்கும்போது மெதுவாக, "மூஞ்சிய ஒரு தபா பாத்துட்டா போதும் டீச்சரம்மா."

ஜனவரி 21, புதன்

தாம்பரத்திலிருந்து கலைவாணி போன். என்னிடம் எட்டாவது படித்தவள். விமானப்படை ஆட்கள் நிறைய இருக்கும் இடம் என்பதால் பொங்கலுக்கு வந்தபோது விசாரிக்கச் சொல்லியிருந்தேன்.

"டீச்சர்! எங்க ஹவுஸ் ஓனரே பைலட்டாம் டீச்சர்! அந்தச் சண்டையில சின்ன ஃப்ளைட்தான் ஓட்டினாராம். மெடல்கூட இருக்காம், பீரோவுக்குள்ள. யாருக்கும் காட்டமாட்டாராம்."

பெயர் ஜெகந்நாதன். எண்பது தாண்டியவர். நம்பர் வாங்கிவிட்டேன். ரசம் பொங்கி அடுப்பெல்லாம். பாயிடம் சொல்லவில்லை. வேறு ஆளாக இருந்தால்?

ஜனவரி 22, வியாழன்

காலை, போன் செய்தேன். மரியாதையான குரல். சண்டை என்றதும் மாறிவிட்டது. "அதைப் பத்தி நான் பேசறதில்லை மேடம்." வைத்துவிட்டார்.

கோபம். காபி. யோசனை. வாய் திறக்காத பிள்ளையிடம் பெரிய கேள்வி கேட்கக்கூடாது, சின்னதாகக் கேட்க வேண்டும். மறுபடி கூப்பிட்டேன்.

"ஒரே ஒரு விஷயம் சார். அன்றைக்கு வயர்லெஸ்ஸில் யாருக்காவது தமிழில் தைரியம் சொன்னீர்களா?"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தத் தம்பி எங்கள் பஜாரில் பைப் கடை வைத்திருக்கிறார்."

"இல்லை. அந்தப் பையன் செத்துட்டான். நான் விசாரிச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே போயிட்டான்னு சொன்னாங்க."

"திங்கட்கிழமை எனக்கு வாஷர் விற்றார் சார்!"

கடை எங்கே என்று கேட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை வரேன்," என்றார்.

ஓட்டமும் நடையுமாகக் கடைக்கு. முட்டி வலி ஞாபகமே இல்லை. நான் சொன்னதைக் கேட்டதும் பாய் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். வியாபார நேரத்தில்!

ஜனவரி 24, சனி

பாய்க்கு வந்த கவலைகள்: எந்தச் சட்டை. என்ன பேசுவது. பிரியாணி சாப்பிடுவாரா, சாம்பாரா. (இரண்டும் என்று முடிவு.)

ஏகாம்பரம் தன் செலவில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார். பெரிய ஜெட், நெருப்பு கக்கிக்கொண்டு. பக்கத்தில் தன் போட்டோ.

"அவர் ஓட்டியது சின்ன விமானம்யா!"

"சின்னதா போட்டா எடுப்பா இருக்காது டீச்சரம்மா."

ஜனவரி 25, ஞாயிறு

வந்துவிட்டார்! கலைவாணியோடு காரில். நெட்டை மனிதர், கைத்தடி. ஃப்ளெக்ஸைப் பார்த்துச் சிரித்தார். "இந்த மாதிரி ஒண்ணு ஓட்ட எனக்கும் ஆசைதான்."

பாய் சல்யூட் அடித்தார். அவர் பதில் சல்யூட் அடிக்கவில்லை. நேரே வந்து பாயின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டார். பாய் கேட்டார்:

"எண்ணெ ஒழுகிக்கினே இருந்துச்சே சார். ஏன் போகல?"

"மேலேர்ந்து பார்த்தா ரெண்டு கரையும் ஒரே மாதிரி. நான் போயிட்டா ஜெட்டுக்கு எது உங்களுதுன்னு யார் காட்டறது? அதான் உங்க கரை மேலேயே தாழப் பறந்தேன். எனக்கு அந்தாண்ட போடுன்னு சொல்லி."

ஏகாம்பரம் வாய் பிளந்து நின்றார்.

பிறகு சார் கேட்டார். குரல் இறங்கிவிட்டது. "காயம் எங்கே?" பாய் கடை நடுவிலேயே சட்டையைக் கழற்றினார். தழும்பின் மேல் சார் கை வைத்தார்.

"இது அவங்க குண்டா, நம்ம குண்டா? நான் காட்டின குண்டுதான் உங்களைக் கொன்னுதுன்னு நினைச்சேன். அதனாலதான் அந்த மெடலைத் தொடறதே இல்லை."

சாருக்குப் பின்னாலிருந்து ஏகாம்பரம், 'அவங்களுதுன்னு சொல்லு' என்று கையை ஆட்டி ஜாடை. பாய் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"நம்மளுதுதான் சார்," என்றார் பாய். "கிட்டக்க போட்டா உங்க மேலயே படும்னு ரெண்டு வாட்டி சொன்னீங்க. பரவால்ல போடுங்கன்னு கேட்டு வாங்கினது நானு. அத்தப் போடலன்னா எங்க ஆளுங்க ஒருத்தனும் வூடு வந்து சேந்திருக்கமாட்டான்."

சார் கண்ணை மூடிக்கொண்டார். கையை எடுக்கவில்லை. கண்ணைத் திறந்து, "ரெண்டு வாட்டி இல்லை. மூணு வாட்டி சொன்னேன்."

"ரெண்டுதான் சார்."

"மூணுய்யா! நீ காதுல வாங்கலை!"

"செட்டு கொரகொரங்குது, எங்க சார் கேக்கறது?"

சாப்பாடு ஆகி, வெயில் சாய்ந்தும் இரண்டா மூன்றா என்பது இன்னும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன், பஜாரிலிருந்து இங்கே வரைக்கும் கேட்கிறது இருவர் சத்தமும். ஏகாம்பரம் வேறு நடுவில் தீர்ப்பு சொல்கிறார். நானும் போக வேண்டும்.