தகரத்துக்கு மேலே வந்த பொட்டலம்

மச்சானுக்கு என் சலாம்.

போனில் பேசினால் நம் மகள் சஃபா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். அதனால் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

தொண்டியிலிருந்து உங்கள் கூடப்பிறந்த ராத்தா சொல்லியிருப்பார்கள். உண்மைதான். உங்கள் வாப்பாவை அடக்கம் செய்த மறுநாள், கடையில் பொரித்த கோழி வாங்கிச் சாப்பிட்டோம்.

மய்யித்து வீட்டில் மூன்று நாள் அடுப்புப் பற்றவைப்பதில்லை. சொந்தக்காரர்கள்தான் சோறு கொண்டு வருவார்கள். நம் தெருவையோ கொரோனா என்று இரண்டு பக்கமும் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். யார் வருவார்கள்? முதல் நாள் பிஸ்கட்டிலேயே போனது. மறுநாள் மதியம் சஃபா, "உம்மா, பிராஸ்ட் கோழி வாங்குவோமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வெகுநேரம் யோசித்தேன். உலை வைக்கலாம்தான். ஆனால் அடுப்பை மூட்டினால் துக்கம் முடிந்துவிட்டது என்று ஆகிவிடும் போலிருந்தது. கடைக்குப் போன் போட்டேன். தகரத்துக்கு மேலே பொட்டலத்தை நீட்டினார்கள். தெருவெல்லாம் மசாலா வாசம், வெட்கமாக இருந்தது. நானும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

"மய்யித்து வூட்டுல கடைக் கோழி கேக்குதா?" என்று ராத்தா போனில் கத்தினார்கள்.

"நீங்க சோறு அனுப்பியிருந்தா நான் ஏன் வாங்குறேன்?" என்று நானும் கத்திவிட்டேன். பாவம், அவர்களாலும் வர முடியாதே.

இன்று காலை பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. வாப்பாவின் முகத்தைப் போனில் பார்த்துவிட்டு, தோஹாவில் அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தீர்களே, அதுவும் மய்யித்து வீடுதானே மச்சான். அன்று உங்களுக்கு யார் சோறு கொண்டு வந்தது?

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் உம்மா