புகைபோக்கிக்கு மேலே வானம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், அப்பாவும் இப்போது நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பெண்ணும் நலம் என்று பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். அவகிட்ட சொல்லித் தொலைக்காதே, பயந்துடுவா என்கிறார். நீ பயப்பட வேண்டும் என்றுதான் இந்த மெயில்.

கறியைப் புகையில் வாட்ட, பழைய டிரம்மை வெட்டி அப்பா செய்த புகை அடுப்பு, உனக்குப் பிறகு அவர் பெற்ற பிள்ளை மாதிரி. போன சனிக்கிழமை கறியை இறக்கியதும் மழை பிடித்துக்கொண்டது. அடுப்பில் பாதிக் கரி மிச்சம். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியுமே, மூடியையும் காற்றுத் துளைகளையும் அடைத்து, கரியை அணையவிட்டு, அடுத்த தடவைக்கு எடுத்து வைப்போம். நனைந்தால் வீணாகிவிடும் என்று அடுப்பைச் சக்கரத்தோடு உருட்டிப்போய்ச் சாமான் கொட்டகைக்குள் நிறுத்தி, சாரலுக்குக் கதவையும் சாத்திக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து கொழுப்பு வடியும் தட்டைச் சுரண்டியிருக்கிறார். கொழுப்பு தேங்கினால் தீப்பிடிக்கும் என்று அதில் மட்டும் அவ்வளவு கவனம். சாப்பிடக் கூப்பிட்டேன், பதில் இல்லை. போய்ப் பார்த்தால் சுரண்டி கீழே கிடக்கிறது, நாற்காலியில் தலை தொங்கியிருக்கிறது. தூங்குகிறார் என்று திரும்பியும் விட்டேன் கண்ணம்மா. குறட்டைச் சத்தம் இல்லையே என்று அப்புறம்தான் உறைத்தது. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் ஓடிவந்திராவிட்டால் அவரை என்னால் வெளியே இழுத்திருக்க முடியாது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு கண் விழித்தவர் முதலில் கேட்டது, கறியை மூடி வெச்சியா என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரம்மா சொன்னார், புகைன்னா இருமிக்கிட்டு வெளியே ஓடிடுவோம், அணையற கரியிலிருந்து வர்ற விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது, கதவைத் திறந்து வெச்சாக்கூடப் போதாதும்மா என்று.

அன்றிலிருந்து அவர் குறட்டை நின்றால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். நேற்று நீ முன்பு அனுப்பிய படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உங்கள் புது அடுப்பு, பக்கத்தில் இடுக்கியோடு மாப்பிள்ளை, புகைபோக்கிக்கு மேலே ஒரு டியூப் லைட். கார் நிறுத்தும் அறைக்குள்ளா வைத்திருக்கிறீர்கள்? அதற்கு மேல்தானே குழந்தை தூங்கும் அறை. அன்றைக்கு எல்லாருக்கும் தலைவலி, ரொம்பச் சாப்பிட்டுட்டோம் போல என்று நீ எழுதியிருந்ததையும் திரும்பப் படித்தேன். அந்த விஷவாயு முதலில் தலைவலியாகத்தான் காட்டுமாம். மழைக்கு ஒதுக்கினோம் என்பாய், அப்பாவும் அதைத்தான் சொன்னார். துளைகளை அடைத்துக் கரியை மிச்சம் பிடிப்பாய், அவர் மகள்தானே. அடைத்துக்கொள், ஆனால் வெட்டவெளியில், சுவரையும் ஜன்னலையும் விட்டுத் தள்ளி, தொட்டால் சில்லென்று ஆகும்வரை அங்கேயே நிற்கட்டும். சாம்பலை மூடி போட்ட தகர வாளியில் கொட்டு, அட்டைப் பெட்டி வேண்டாம். கொழுப்பு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றிவிடாதே, மூடியையும் துளைகளையும் அடைத்துவிட்டு விலகி நில். மழை வந்தால் கரி நனையட்டும், போகட்டும்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும், குட்டிப்பெண்ணுக்கு என் முத்தம். இந்த ஞாயிறும் அடுப்பு மூட்டப் போவதாகச் சொன்னாயே, அதற்கு முன்னால் எனக்கு ஒரு படம் அனுப்பு. அதில் கறி வேண்டாம், உங்கள் முகம்கூட வேண்டாம். புகைபோக்கிக்கு மேலே வானம் தெரிந்தால் போதும்.

அப்பாவின் குறட்டைக்குக் காவல் இருக்கும்
உன் அம்மா